9999 இன் 1: கொங்குச் சந்தைகளில் கைவிளையாட்டுக் கருவியும் அதன் காலமும்

கைவிளையாட்டுக் கருவியையும் கையடக்க விளையாட்டுக் கணினியையும் பிரித்துக் காட்டுவோர் சிலர் குன்பே யோகோயியின் கொள்கையையே அளவுகோலாக எடுக்கிறார்கள். நின்டெண்டோவின் பொறியாளரான யோகோயி, ரயிலில் ஒருவர் பொழுதுபோகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு ‘கேம் அண்ட் வாட்ச்’ (1980) செய்தார் என்பார்கள். 1989இல் வெளிவந்த கேம் பாயும் அவர் பிரிவின் ஆக்கமே. பழகி, விலை மலிந்த நுட்பத்தைப் புதிய இடத்தில் பயன்படுத்து என்பது அவர் கொள்கை. அடாரி லிங்க்சும் சேகா கேம் கியரும் வண்ணத்திரைக்காக ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் தீர்த்தன; நிறமற்ற கேம் பாய் நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. இதை வைத்து, முதிர்ந்த நுட்பமென்றால் கைக்கருவி, முன்னணி நுட்பமென்றால் கணினி என்று கோடு கிழிக்கிறார்கள்.

அந்தக் கோடு நிற்காது. 2022இல் வந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கருவி ஐயமின்றிக் கணினி. ஆனால் அதன் செயலி 2019இல் வெளியான ஜென் 2 கட்டமைப்பைச் சேர்ந்தது. அதற்கடுத்த ஜென் 3 2020இலேயே வந்துவிட்டது. யோகோயியின் கொள்கை கணினிக்குள்ளும் குடியிருக்கிறது. அப்படியிருக்க அதைக் கொண்டு எதைப் பிரிப்பது?

கொங்கு நாட்டுச் சான்று இந்த ஐயத்தை வலுப்படுத்துகிறது. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாக் கடையில் வாங்கியதாகச் சொல்லி எனக்குக் கிடைத்த பிரிக் கேம் ஒன்று: இடப்புறம் நான்கு பொத்தான், வலப்புறம் பெரிய பொத்தான் ஒன்று, குறுக்கே 10, நெடுக்கே 20 கட்டங்கள் கொண்ட திரை. நெற்றியில் ‘9999 இன் 1’ என்ற பொறிப்பு. ஆண்டும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை. விளையாட்டுகளுக்கு ஆங்கில எழுத்துகளே பெயர். 26 எழுத்தையும் 10 வேகத்தாலும் 10 நிலையாலும் பெருக்கினாலும் 2600தான் வரும். மீதி வியாபாரியின் கொடை. ‘999 இன் 1’ என்று பொறித்த பிரதியும் உண்டு, உள்ளே அதே ஆட்டங்கள். 999தான் மூத்த பாடம் என்பது என் துணிபு. எண்ணை ஏற்றி விற்றவன் பிறகு இறக்கியிருக்க மாட்டான். இதற்கு வேறு சான்று இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மலிவு, பழைய நுட்பம் என்று பார்த்தால் இது கேம் பாயைவிட யோகோயித்தனமானது. ஆனால் இதில் ஆட்டம் சில்லிலேயே எரிக்கப்பட்டிருக்கிறது, மாற்ற வழியில்லை. கேம் பாயில் கார்ட்ரிட்ஜ் மாற்றலாம். ஆனால் அதிலுள்ள நின்டெண்டோ சின்னம் கருவியிலுள்ள படியோடு ஒத்துப்போகாவிட்டால் ஆட்டம் தொடங்காது. ஸ்டீம் டெக்கிலோ உரிமையாளர் இயங்குதளத்தையே மாற்றிக்கொள்ளலாம். 2023 ஜூலையில் ரூ. 69,990க்கு இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஆசுஸ் ராக் அல்லை விண்டோஸ் 11இலேயே இயங்குகிறது. ஆட்டத்தை மாற்றும் அதிகாரம் யாரிடம் என்பதே இவற்றைப் பிரிக்கும் கோடு. இந்த வகையில் கணினியின் மூதாதை கேம் பாய் அல்ல. லினக்ஸில் ஓடிய கொரிய ஜிபி2எக்ஸ் (2005) போன்றவையே.

இனி காலம். டெட்ரிஸ் 1984இல் மாஸ்கோவில் பிறந்தது. டெட்ரிஸ் வகை ஆட்டம் கொண்ட பிரிக் கேம் அதற்கு முந்தியதாக முடியாது. கொங்குச் சந்தைகளுக்கு அது எப்போது வந்தது என்பதுதான் சிக்கல். நுகர்பொருள் இறக்குமதியின் அளவுக் கட்டுப்பாடுகள் முற்றிலும் நீங்கியது 2001 ஏப்ரல் 1இல். எனவே இக்கருவி அதன் பிறகே வந்தது என்று வாதிடலாம். நான் ஏற்கவில்லை. கட்டுப்பாடு இருந்த காலத்திலேயே சென்னை பர்மா பஜாரில் வெளிநாட்டுப் பொருள் தாராளமாகக் கிடைத்தது. அங்கிருந்து கோவைக்கு ஓர் இரவுப் பயணம். விற்றவர்களின் நினைவும் 90களின் நடுப்பகுதியையே சுட்டுகிறது. நினைவு சாசனமாகாது என்பதால் 1993க்கும் 2001க்கும் இடையே என்ற அளவில் நிறுத்துகிறேன்.

வீட்டுப் பரணில் பிரிக் கேம் வைத்திருப்போர், அதன் அட்டைப்பெட்டியில் தேதியிட்ட ரசீது கிடைத்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.