நெய்வேலி நகரியம்

நெய்வேலி நகரியம், கடலூர் மாவட்டத்தின் செம்மண் பூமியில் பழுப்பு நிலக்கரிக்காகவே எழுந்த தொழில்நகரம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்ந்தவர்கள் 1,05,731 பேர். இவ்வளவு பெரிய ஊருக்கு நகராட்சித் தலைவரும் கிடையாது, வார்டு உறுப்பினரும் கிடையாது.

1930களின் நடுவில் இப்பகுதி நிலவுடைமையாளர் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது, தண்ணீரோடு கருநிறத் துகள்களும் மேலே வந்தன. அதை அவர் அரசின் கவனத்துக்குக் கொண்டுசென்றார். நிலவியல் ஆய்வுகள் தொடர்ந்தன. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. அடுத்த ஆண்டு மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அப்போது மாநில முதல்வர் காமராஜர்.

நிலக்கரியை எட்டுவது எளிதாக இருக்கவில்லை. படிவத்துக்கு அடியில் இருக்கும் ஊற்றுநீர் பேரழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டுகிறது. இரவு பகலாக அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் சோவியத் உதவியோடு அமைந்த முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. 600 மெகாவாட் வரை வளர்ந்த அந்த நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது.

சுரங்கத்துக்காக ஊர்கள் காலியாயின. வேலைக்காக ஊர் ஒன்று பிறந்தது. எண்ணிட்ட வட்டங்கள், அகலச் சாலைகள், நிழல் மரங்கள், வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ் என்று நகரியம் திட்டமிட்டுக் கட்டப்பட்டது. இங்கே முகவரி என்றாலே முதலில் வட்டத்தின் எண்தான். தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் அக்கம்பக்கத்தவர் ஆனார்கள்.

நகரியத்துக்கு முந்தைய நெய்வேலியின் சாட்சியாக நிற்பது வேலுடையான்பட்டு முருகன் கோயில். பங்குனி உத்திரத்தன்று சுற்று வட்டாரக் கிராமங்களெல்லாம் காவடியோடு அங்கே திரள்கின்றன. 16ஆம் வட்டத்து நடராஜர் கோயில் நகரியம் வந்தபின் எழுந்தது. பத்தடி உயர ஐம்பொன் நடராஜர் அதன் சிறப்பு. 11ஆம் வட்டத்து லிக்னைட் ஹாலில் நடக்கும் புத்தகக் கண்காட்சி 1998இல் தொடங்கியது.

நிர்வாகத்தில்தான் நெய்வேலி தனித்து நிற்கிறது. சாலை, குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு எல்லாமே நிறுவனத்தின் நகர நிர்வாகத்தின் பொறுப்பு. தொழில் நிறுவனம் நகராட்சி சேவைகளை வழங்கும் இடங்களில் நகராட்சி அமைக்காமல் இருக்க, அரசியலமைப்பின் 243கியூ பிரிவு ஆளுநருக்கு அதிகாரம் தருகிறது. இரும்பாலை நகரமான ஜாம்ஷெட்பூரும் தொழில் நிறுவனத்தின் நிர்வாகத்தில் வளர்ந்ததுதான். தாய்லாந்தின் லம்பாங் மாகாணத்தில் உள்ள மே மோ, நெய்வேலியைப் போலவே பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் மின் நிலையமும் கொண்ட ஊர். அங்கே ‘தேசபான்’ எனப்படும் நகராட்சி இருக்கிறது. அதன் தலைவரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நகரியத்தின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டைத் தாண்டினால் வடக்குத்து ஊராட்சி. இன்னொரு பக்கம் மந்தாரக்குப்பத்தை உள்ளடக்கிய கங்கைகொண்டான் பேரூராட்சி. இரண்டிலும் உள்ளாட்சித் தேர்தல் நடக்கிறது.

நகரியத்தில் வீடு நிறுவனத்துடையது. பணி ஓய்வு பெற்றவர் குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு இந்திரா நகரிலோ வடலூரிலோ சொந்த வீடு தேட வேண்டும். 2001இல் 1,28,133ஆக இருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் இருபதாயிரத்துக்கும் மேல் குறைந்தது.

நிலம் கொடுத்தவர்களின் கதை இன்னும் முடியவில்லை. 2023 ஜூலையில் மேல்வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட நெற்பயிர் நின்ற வயலில் நிறுவனத்தின் இயந்திரங்கள் இறங்கியபோது எழுந்த போராட்டம் மாநிலத்தையே உலுக்கியது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. வேலையும் உரிய இழப்பீடும் கேட்கும் அந்தக் கிராமங்களின் குரல் நெய்வேலியின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது.

தொகுதி மறுவரையறைக்குப் பின் 2011 முதல் நெய்வேலிக்கென்று ஒரு சட்டமன்றத் தொகுதி இருக்கிறது. நகரியவாசிகள் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் வாக்களிக்கிறார்கள். தங்கள் தெருவுக்கென்று ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு மட்டும் அவர்களுக்கு இன்னும் இல்லை.