கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி

கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலையில் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் ஏரிக்கு அருகில் அமைந்துள்ள உறைவிடப் பள்ளியாகும். 1901ஆம் ஆண்டு ஹைகிளேர்க் பள்ளி என்ற பெயரில் தொடங்கப்பட்டது. 1976ஆம் ஆண்டு பன்னாட்டு இளநிலைப் பட்டயப் (ஐ.பி.) படிப்பை இந்தியாவில் முதன்முதலாக அறிமுகப்படுத்திய பள்ளி இதுவே.

தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் பணியாற்றிய மேல்நாட்டு மிஷனரிகள் தம் பிள்ளைகளைச் சிறுவயதிலேயே கப்பலேற்றித் தாய்நாட்டுக்கு அனுப்புவது வழக்கம். காலரா, வெப்பம், பள்ளியின்மை ஆகியவை இதற்குக் காரணங்களாக இருந்தன. பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பல ஆண்டுகள் காணாதிருந்தனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த அவர், பெற்றோர் இந்தியா திரும்பியபின் அமெரிக்காவில் உறவினர் வீட்டிலும் நார்த்ஃபீல்டு பெண்கள் பள்ளி விடுதியிலும் வளர்ந்தார். தாயின் உடல்நலக் குறைவால் 1890இல் திண்டிவனம் வந்தபோதுதான் அப்பிரிவு முடிவுக்கு வந்தது.

இப்பிரிவைத் தவிர்க்கவே மலையில் ஒரு பள்ளி வேண்டுமென அமெரிக்க மிஷனரிகள் விரும்பினர். மிஷனரி ஷெர்வுட் எடியின் தாயாரான மார்கரெட் எடி முதல் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றார். முன்னர் விடுதியாக இருந்த ஹைகிளேர்க் என்னும் இடத்தில், ஒரு சில பிள்ளைகளுடன் பள்ளி தொடங்கியது. மதுரை மிஷனுடன், இன்றைய வேலூர், இராணிப்பேட்டை மாவட்டங்களில் பணியாற்றிய ஆற்காடு மிஷனும் இதில் பங்கேற்றது. தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஆம்பூரை ஒரு மையமாகக் கொண்டிருந்த மிசௌரி லூத்தரன் மிஷன் பின்னாளில் கொடைக்கானலில் லாக் எண்ட் என்னும் தனி வளாகத்தை வைத்திருந்தது.

பிரித்தானியக் குடும்பங்களில் கடல்கடந்து அனுப்பும் வழக்கம் அதன் பின்னரும் நீடித்தது. பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து புகழ்பெற்ற பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். ஒன்பது வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929இல் தந்தை கொல்லிமலையில் காய்ச்சலால் இறந்தார். அதற்குள் மகன் அவரை மீண்டும் காணவில்லை.

பழைய மாணவர் வாழ்க்கை

பள்ளி மலையில் இருந்ததால் பிரிவு முற்றிலும் நீங்கிவிடவில்லை, குறைந்தது. வேலூர்ப் பகுதியிலிருந்து வருவோர் தொடர்வண்டியில் 1875இல் திறக்கப்பட்ட கொடைக்கானல் ரோடு நிலையத்தை அடைந்து, மாட்டுவண்டியில் மலையடிவாரம் சென்று, அங்கிருந்து நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோ ஏற வேண்டியிருந்தது. மோட்டார் வண்டிகள் செல்லும் மலைச்சாலை 1910களில்தான் அமைந்தது. கோடைக்காலத்தில் சமவெளியின் வெப்பம் தாங்காமல் பெற்றோரே மலைக்கு வந்தனர். அவ்வாரங்களில் பிள்ளைகள் விடுதியை விட்டுப் பெற்றோருடன் மிஷன் குடில்களில் தங்கிப் பள்ளிக்கு வந்து சென்றனர். அது விடுதி மாணவர் ஆவலுடன் எதிர்நோக்கிய காலமாகும்.

பாடத்திட்டம் அமெரிக்க முறையைச் சார்ந்திருந்தது. பெயரில் 'பன்னாட்டு' என்ற சொல் இன்று இருப்பினும், முதல் எழுபது ஆண்டுகள் இது பெரிதும் அமெரிக்கப் பள்ளியாகவே இயங்கியது எனலாம்.

மாற்றம்

இந்திய விடுதலைக்குப் பின்னர் மேல்நாட்டு மிஷனரிகளின் எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்தது. 1970களில், பள்ளியை மூடுவதா, அல்லது இந்திய மாணவருக்கும் பிற நாட்டினருக்கும் முழுமையாகத் திறந்துவிடுவதா என்ற நிலை ஏற்பட்டது. இரண்டாவது வழியே தெரிந்தெடுக்கப்பட்டு இப்போதைய பெயர் சூட்டப்பட்டது. இந்திய மாணவருக்கு ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது: ஐ.பி. பட்டயத்தைக் கொண்டு உள்நாட்டுக் கல்லூரிகளில் சேர்வது எளிதாக இல்லை. 1983இல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அதனை மேல்நிலைக் கல்விக்கு இணையாக ஏற்றபின் அத்தடை பெருமளவு நீங்கியது.

வசதிகள்

முதன்மை வளாகம் நகரின் ஏழு ரோடு சந்திப்பை ஒட்டி உள்ளது. கல்லால் கட்டப்பட்ட பழைய கட்டடங்கள், மார்கரெட் எடி நினைவாக அமைந்த வழிபாட்டுக்கூடம், நூலகம், உடற்பயிற்சிக் கூடம் ஆகியவை இங்குள்ளன. கட்டடங்களின் நடுவே உள்ள புல்வெளி கொடிப் புல்வெளி என அழைக்கப்படுகிறது. ஏரியை அடுத்துள்ள விளையாட்டுத் திடல் பெண்டி திடல் எனப்படும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி விடுதிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் பொறுப்பாளர்கள் மாணவருடன் தங்குகின்றனர். மேற்கத்திய இசையுடன் இந்திய இசையும் கற்பிக்கப்படுகிறது.

பள்ளியின் தனித்தன்மை வகுப்பறைக்கு வெளியேதான் அதிகம் தெரிகிறது. மலைநடை தொடக்க காலத்திலிருந்தே மாணவரின் முதன்மைப் பொழுதுபோக்கு. பெருமாள் மலை, வட்டக்கானல், பேரிஜம் ஏரி ஆகியவை வழக்கமான இலக்குகள். பூம்பாறையிலும் பூண்டியிலும் பள்ளிக்குச் சொந்தமான முகாம் இடங்கள் உள்ளன. அங்கு மாணவர் கூடாரமிட்டுத் தங்கித் தாமே சமைத்து உண்கின்றனர். ஆண்டுதோறும் வகுப்பு வாரியாக நாட்டின் பிற பகுதிகளுக்குக் களப்பயணம் மேற்கொள்கின்றனர். சோலைக்காடுகளையும் நீர்நிலைகளையும் கற்பதற்கெனப் பள்ளியில் சுற்றுச்சூழல் மையம் ஒன்றும் செயற்படுகிறது.

ஐடா ஸ்கடர் தம் இறுதி ஆண்டுகளைக் கொடைக்கானலில் ஹில்டாப் என்னும் தம் இல்லத்தில் கழித்து 1960இல் காலமானார்.