சந்தேக வாகனங்களை ரோந்து போலீசார் அறிவது எப்படி? சித்தூர், திருப்பதி சாலைகளில் பின்பற்றப்படும் நடைமுறை

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூரில் கொள்ளையடித்துவிட்டுக் காரில் தப்புவோர், ஒரு மணி நேரத்துக்குள் காட்பாடி வழியாகத் தமிழகத்துக்குள் நுழைந்துவிட முடியும். பலமநேர் சாலை கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்துக்கும், நகரி சாலை திருத்தணிக்கும் செல்கிறது. எனவே, தகவல் கிடைத்தவுடன் சம்பவ இடத்துக்கு விரைவதைப் போலவே, வெளியேறும் சாலைகளை அடைப்பதும் அவசரமாகிறது. இதுவே காவல்துறை வழக்கில் 'நாகாபந்தி' எனப்படுகிறது.

வயர்லெஸ் தகவலில் வாகனத்தின் வகை, நிறம், சென்ற திசை ஆகியவை முக்கியம். பதிவெண்ணை மட்டும் நம்ப இயலாது. போலி எண் பலகை மாட்டுவதும், வழியில் மாற்றுவதும் பழைய உத்திகள். முன்பு 'ஏபி 03' என்ற குறியீடே சித்தூர் மாவட்ட வாகனம் என்பதைக் காட்டியது. 2019-இல் மாநிலம் முழுவதற்கும் 'ஏபி 39' என்ற பொது வரிசை அறிமுகமானதால், புதிய வாகனங்களில் அந்த அடையாளமும் இல்லை. பதிவெண்ணை 'வாகன்' தரவுத்தளத்தில் சரிபார்க்கும்போது, அதில் உள்ள வகையும் நிறமும் எதிரே நிற்கும் வாகனத்துடன் பொருந்தாவிட்டால் சந்தேகம் வலுக்கிறது.

சேஷாசலம் வனப்பகுதியை ஒட்டிய சாலைகளில் செம்மரக் கடத்தலே பெரும் சவால். திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு இதற்கெனத் தனி அதிரடிப்படை இயங்குகிறது. செம்மரம் மிகுந்த அடர்த்தியும் எடையும் கொண்டது. ஓட்டுநர் தவிர எவரும் இல்லாத காரின் பின்பகுதி தாழ்ந்திருந்தால், அதற்கு விளக்கம் தேவைப்படும். காய்கறி, பால் வாகனங்களிலும் கட்டைகள் மறைத்துக் கொண்டுசெல்லப்படுகின்றன. சரக்கு வாகனத்துக்கு முன்னே 'பைலட்' கார் சென்று சோதனை குறித்து எச்சரிப்பதும் உண்டு. சோதனைச் சாவடியைக் கண்டதும் முகப்பு விளக்கை அணைத்துத் திரும்பும் வாகனம் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ஆனால், தப்ப முயலும் வாகனத்தை மறிப்பது ஆபத்தானது. 2024 பிப்ரவரியில் அன்னமய்யா மாவட்டம் கே.வி.பள்ளி அருகே, கடத்தல்காரர்களின் கார் மோதி அதிரடிப்படைக் காவலர் ஒருவர் உயிரிழந்தார். 2022-இல் மாவட்டங்கள் பிரிக்கப்படும் வரை அப்பகுதி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது.

கொள்ளை நடந்த பிறகுதான் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதில்லை. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து செய்வது கூட்டுக் கொள்ளை. அதற்கு ஆயத்தமாவதும், அந்த நோக்கத்துடன் கூடுவதுமே பாரதிய நியாய சன்ஹிதாவின் 310-ஆவது பிரிவின்கீழ் தண்டனைக்குரியவை. நள்ளிரவில் இரும்புக் கம்பிகளுடன் செல்லும் கார் உடனடியாகத் தடுத்து விசாரிக்கப்படுவது இதனால்தான்.

எனினும், சந்தேகம் என்பது ஆதாரம் ஆகாது. வெளிமாநிலத்தவர் என்பதும் குற்றம் ஆகாது. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் வனத்தில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தற்காப்புக்காகவே சுட்டதாகப் போலீசார் கூறினர். சிலர் முன்னதாகவே பேருந்திலிருந்து இறக்கி அழைத்துச் செல்லப்பட்டதாக, உடன் சென்று உயிர் தப்பியவர்கள் குற்றம்சாட்டினர். தேசிய மனித உரிமைகள் ஆணையம் இதனை விசாரித்தது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவின்படி, சோதனையிடுவதையும் பொருள்களைக் கைப்பற்றுவதையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். அப்பதிவைத் தாமதமின்றி மாவட்ட நடுவர், உட்கோட்ட நடுவர் அல்லது முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு அனுப்பவும் வேண்டும்.