முதல் தலைமுறை மாணவர்களுக்குச் சக மாணவர் துணை

குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு, ஓரிரு ஆண்டு முன்னால் அதே வகுப்பறையில் உட்கார்ந்து எழுந்த இன்னொரு மாணவர், முறையான ஓர் ஏற்பாட்டின் கீழ்ப் படிப்பிலும் கல்லூரி நடைமுறைகளிலும் கைகொடுப்பது சக மாணவர் துணை எனப்படும். இது ஆசிரியரின் கற்பித்தலும் அல்ல, உளநல ஆலோசகரின் பணியும் அல்ல. துணை நிற்பவர் அந்தத் தேர்வை அண்மையில்தான் எழுதினார், அந்தப் படிவத்தை அண்மையில்தான் நிரப்பினார் என்பதே அவருடைய தகுதி. அமெரிக்காவில் 1970களிலிருந்து இது பல வடிவங்களில் வளர்ந்தது. இந்தியாவில் இதற்கான விதி இருக்கிறது, ஆனால் அது வேறொரு நோக்கத்துக்காக எழுதப்பட்டது.

யார் முதல் தலைமுறை

அமெரிக்க உயர்கல்விச் சட்டத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் 1965 நவம்பர் 8 அன்று, தாம் படித்த டெக்சாஸ் மாநில சான் மார்கோஸ் கல்லூரியிலேயே கையெழுத்திட்டார். அச்சட்டத்துக்கு 1980இல் வந்த திருத்தம் முதல் தலைமுறை மாணவர் என்ற வகையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. தாய், தந்தை இருவரில் எவரும் நான்காண்டுப் பட்டம் பெறாதவராக இருந்தால் மாணவர் இவ்வகையில் சேர்வார். அண்ணனோ அக்காவோ பட்டதாரி என்பதால் அது மாறாது.

தமிழ்நாட்டின் முதல் பட்டதாரிச் சான்றிதழ் இதைவிடக் கண்டிப்பானது. பெற்றோர் மட்டுமல்ல, தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் என வீட்டில் ஒருவர்கூடப் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. துணை யாருக்குத் தேவை என்ற கோணத்தில் பார்த்தால் தமிழ்நாட்டு வரையறையே நிலைமைக்கு நெருக்கமாக இருக்கிறது. அக்கா கல்லூரி முடித்த வீட்டில் தம்பிக்குக் கேட்க ஓர் ஆள் உண்டு. சான்றிதழ் பெறும் மாணவருக்கு அந்த ஆளும் கிடையாது.

வீட்டில் கிடைக்காத தகவல்

பட்டதாரிப் பெற்றோர் பிள்ளைக்குக் கொடுப்பதில் பணத்துக்கு அடுத்தபடி பெரியது தகவல். அது எந்தக் கையேட்டிலும் முழுமையாக அச்சாவதில்லை. பாடத்திட்டத் தாளின் மேற்பகுதியில் பேராசிரியர் செவ்வாய் 2 மணி முதல் 4 மணி வரை அறையில் இருப்பார் என்று ஒரு வரி இருக்கும். அது மாணவர் உள்ளே வந்து கேள்வி கேட்பதற்காக ஒதுக்கிய நேரம் என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் பலருக்குத் தெரிவதில்லை. தாமும் குடும்பத்தின் முதல் பட்டதாரியான சமூகவியலாளர் அந்தோணி ஆபிரகாம் ஜாக், 2019இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியுள்ளார். வசதியான பள்ளிகளில் படித்துவிட்டு வந்த ஏழை மாணவர்கள் பேராசிரியரிடம் தயங்காமல் போகிறார்கள். சாதாரண அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்கள், உழைத்தால் போதும், ஆளைப் பார்க்கப் போவது காக்கா பிடிப்பது என்று ஒதுங்குகிறார்கள் என்பது அவருடைய கண்டறிதல்.

சீனியர் மாணவர் இங்கே செய்யும் வேலை மிகச் சிறியது. "போய்க் கேள்" என்று சொன்னால் முதலாண்டு மாணவர் போகமாட்டார். கேள்வியை முன்னதாகவே ஒரு தாளில் எழுத வைக்க வேண்டும்: மூன்றாம் கணக்கில் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டேன், அடுத்து ஏன் இப்படி மாறுகிறது என்று தெரியவில்லை. பிறகு முதல் தடவை கதவு வரைக்கும் கூடவே போக வேண்டும். இரண்டாம் தடவைக்குத் துணை தேவைப்படாது. ஒரு பாடத்தில் தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் எந்தத் தேதிக்குள் அதிலிருந்து விலகலாம், உதவித்தொகைப் படிவத்தில் பெற்றோர் வருமானத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது, எழுதியதைச் சரிபார்க்கக் கூப்பிட்டால் பயப்பட வேண்டுமா போன்றவையும் இதே வகை.

வளர்ந்த விதம்

மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் 1973இல் தொடங்கிய முறை 'சப்ளிமென்டல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று அழைக்கப்படுகிறது. பலவீனமான மாணவர் யார் என்று அது தேடவில்லை. பலரும் தோற்கும் பாடம் எது என்று தேடியது. அந்தப் பாடத்தை முன்பு நன்றாக முடித்த மாணவர் மறுபடியும் அதே வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். வாரத்தில் சில தடவை வகுப்புக்கு வெளியே கூட்டம் நடத்துவார். அங்கே அவர் விரிவுரை செய்யக் கூடாது. கேள்வி வந்தால் பதில் சொல்லாமல் குழுவிடமே திருப்பிவிட வேண்டும். வருவதும் வராததும் மாணவர் விருப்பம். இந்த முறை பின்னர் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பரவியது. அதன் வலிமை முழுவதும் அந்த முதல் முடிவில் இருக்கிறது: பாடத்தின் மேல்தான் முத்திரை விழுகிறது, மாணவர் மேல் அல்ல.

பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் 1970களின் பிற்பகுதியில் செய்த ஆய்வு இத்துறையின் மிக முக்கியமான ஒன்று. நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் தடுமாறுகிறார்கள், சீன வம்சாவளி மாணவர்கள் ஏன் முந்துகிறார்கள் என்பது கேள்வி. ஊக்கம் குறைவு, பள்ளி அடித்தளம் போதாது, வீட்டில் அக்கறை இல்லை, வருமானம் இல்லை என்று ஆசிரியர்கள் அடுக்கிய காரணங்கள் ஒன்றும் தேறவில்லை. இரு பிரிவிலும் தலா 20 பேரை எடுத்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தார். கறுப்பின மாணவர்கள் ஆசிரியர் சொன்னபடியே வாரம் எட்டு மணி நேரம் அளவுக்குத் தனியாகப் படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்களும் தனியாகப் படித்தார்கள். ஆனால் மாலையில் ஒன்றுகூடிச் சாப்பிட்டு, ஒருவர் விடையை இன்னொருவர் திருத்தி, எங்கே எல்லோரும் சிக்கினார்களோ அது கணக்கின் கடினம் என்றும், எங்கே தான் மட்டும் சிக்கினோமோ அது தன் தவறு என்றும் பிரித்தறிந்தார்கள். தனியே படிப்பவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை; எல்லாத் தோல்வியும் தன் குறையாகவே படும்.

டிரைஸ்மன் ஆய்வு இனப் பிரிவுகளைப் பற்றியதே தவிர முதல் தலைமுறையை மட்டும் பற்றியதல்ல. ஆனால் அவர் தொடங்கிய பட்டறை பின்வந்த பல ஏற்பாடுகளுக்கு முன்மாதிரி ஆனது. அதைப் பின்தங்கியோருக்கான வகுப்பு என்று அவர் பெயரிடவில்லை. சிறப்பு மாணவர்களுக்கான பட்டறை என்று அழைத்து, வழக்கமான வீட்டுப்பாடத்தைவிடக் கடினமான கணக்குகளைக் குழுவாகச் செய்ய வைத்தார். தேர்ச்சி உயர்ந்தது.

1989இல் நியூயார்க்கில் டெபோரா பியால் நிறுவிய பாஸி அறக்கட்டளை வேறொரு வழியில் போனது. ஒரே நகரத்துப் பள்ளி மாணவர்களில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, பள்ளி இறுதியாண்டிலேயே பல மாதம் சேர்ந்து பயிற்சி கொடுத்து, குழுவாக ஒரே கல்லூரிக்கு அனுப்பும் முறை அது. முதலில் சேர்ந்த கல்லூரி டென்னசியின் வான்டர்பில்ட். தேர்வானவர்களில் பெரும் பகுதியினர் முதல் தலைமுறையினர்.

சீனியர் தன் கதையைச் சொல்வதாலேயே பலன் உண்டா என்பதை நிக்கோல் ஸ்டீஃபன்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட கட்டுரை சோதித்தது. முதலாண்டின் தொடக்கத்தில் ஒரு மணி நேரம், சீனியர்கள் மேடையில் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு பிரிவில் பொதுவான அறிவுரை. மற்றதில் அதே அறிவுரையைத் தங்கள் குடும்பப் பின்னணியோடு சேர்த்துச் சொன்னார்கள். இரண்டாம் பிரிவில் இருந்து கேட்ட முதல் தலைமுறை மாணவர்கள் பேராசிரியரையும் பிற உதவிகளையும் கூடுதலாக நாடினார்கள். பட்டதாரி வீட்டுப் பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் இருந்த மதிப்பெண் இடைவெளி ஆண்டு முடிவில் 63 விழுக்காடு குறைந்தது.

குறைகள்

விருப்பமுள்ளவர் வரலாம் என்று வைத்தால் ஏற்கெனவே முயற்சி உள்ளவர்களே வருகிறார்கள். அவர்கள் தேறியதைத் திட்டத்தின் வெற்றியாக எழுதிவிடுவது எளிது. துணை நிற்கும் சீனியரும் பெரும்பாலும் முதல் தலைமுறைதான். அவருக்கும் தேர்வு உண்டு, பகுதிநேர வேலை உண்டு. ஊதியமும் பயிற்சியும் கொடுக்காமல், ஆலோசகர் நியமிக்கும் செலவை மிச்சப்படுத்த அவரைப் பயன்படுத்துவது அநியாயம். தற்கொலை எண்ணம், வன்முறை போன்றவை பேச்சில் வந்தால் யாரிடம் உடனே சொல்ல வேண்டும் என்பது அவருக்கு முதல் நாளே தெளிவாக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இந்தியாவிலும்

தமிழ்நாடு பணத்தடையை முதலில் எடுத்துக்கொண்டது. 2010-11 முதல் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் தொழிற்கல்வி சேரும் முதல் பட்டதாரிக்குக் கல்விக்கட்டணச் சலுகை. 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம். 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்கு அதேபோன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம். நடிகர் சூர்யாவின் அகரம் அறக்கட்டளை 2010இல் தொடங்கிய விதை திட்டம் கட்டணத்தோடு தன்னார்வலர் வழிகாட்டலையும் சேர்த்தது. அதில் படித்து முடித்தவர்கள் அடுத்த அணிக்குத் துணையாகத் திரும்பி வருகிறார்கள்.

கல்லூரிக்குள் சீனியர்–ஜூனியர் உறவு இங்கே வேறொரு சுமையோடு வருகிறது. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் சீனியரால் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. அதன் பிறகு புதியவர்களைச் சீனியர்களிடமிருந்து பிரித்து வைப்பதே நிர்வாகத்தின் முதல் கவலை, விடுதியும் தனி. பாதுகாப்புக்காக இது தேவைப்பட்டது. ஆனால் தகவல் வரும் ஒரே வழியும் இதனால் குறுகியது. அதன் இழப்பு வீட்டில் கேட்க ஆள் இல்லாதவருக்கே.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டுப் பகடிவதைத் தடை விதிமுறைகள் இதற்கு ஒரு வழியையும் சேர்த்தே எழுதின. ஒவ்வொரு கல்லூரியும் சீனியர் தன்னார்வலர்களைக் கொண்ட வழிகாட்டிப் பிரிவு ஒன்றை அமைக்க வேண்டும். ஆறு புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி, அத்தகைய ஆறு வழிகாட்டிகளுக்கு அடுத்த ஆண்டைச் சேர்ந்த ஒரு மேல்நிலை வழிகாட்டி என்று அடுக்கடுக்காக அது இருக்க வேண்டும். வதையைத் தடுப்பதற்காக எழுதப்பட்ட இந்த அமைப்பில், கான்சஸ் சிட்டியும் பெர்க்லியும் சோதித்துப் பார்த்தவற்றுக்கு இடம் இருக்கிறது: சிறு குழு, பொறுப்புச் சொல்லும் சீனியர், அவருக்கு மேல் ஒரு கண்காணிப்பு. முதல் பட்டதாரிச் சான்றிதழ் கொடுத்துச் சேரும் மாணவர் யார் என்பது கல்லூரி அலுவலகத்துக்குச் சேர்க்கை நாளிலேயே தெரியும். அவருக்கு ஒதுக்கும் வழிகாட்டி, அதே சான்றிதழோடு முன்பு சேர்ந்து, இப்போது அரியர் இல்லாமல் மூன்றாமாண்டு படிப்பவராக இருக்கும்படி செய்ய இன்னொரு அரசாணை தேவையில்லை.