‘பௌர்ணமி’ன்னு தேடினா மெசேஜ் வரலையா? கண்ணுக்கு ஒரே எழுத்து, போனுக்கு வேறு எழுத்து: என்ன காரணம்?

திருவண்ணாமலையில் பௌர்ணமி என்றாலே ஊர் நிரம்பிவிடும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றிவர லட்சக்கணக்கான பக்தர்கள் வருகிறார்கள். கிரிவலம் செல்ல உகந்த நேரம் எது, பஸ் எங்கே நிற்கும், கூட்டத்தில் பிரிந்தவர் எங்கே இருக்கிறார் என்ற தகவல்கள் எல்லாம் இப்போது சாட் குழுக்களில்தான் ஓடுகின்றன.

அப்படி ஒரு குழுவில் ‘பௌர்ணமி’ என்று தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எதுவும் கிடைக்கவில்லை. விரலால் தள்ளிக்கொண்டே போனால், ‘பெளர்ணமி கிரிவல நேரம்’ என்ற மெசேஜ் அங்கேயேதான் இருக்கிறது! கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். பிறகு ஏன் வரவில்லை? விரிவாகப் பார்க்கலாம்.

போன் பார்ப்பது எழுத்தை அல்ல, எண்ணை

கணினிக்கும் போனுக்கும் எழுத்து என்பது ஓர் எண். 1960களில் அமெரிக்காவில் உருவான ‘ஆஸ்கி’ என்ற எழுத்துக் குறியீட்டு முறையில், ஆங்கிலத்தின் பெரிய ‘ஏ’வுக்கு 65, சின்ன ‘ஏ’வுக்கு 97. நமக்கு ஒரே எழுத்து. கணினிக்கு இரண்டு வேறு எண்கள்.

இதை அப்படியே விட்டால், ஒருவர் ‘ஹெல்ப்’ என்று பெரிய எழுத்தில் கேட்டால் சாட் மென்பொருள் பதில் சொல்லும், சின்ன எழுத்தில் கேட்டால் முழிக்கும். அதனால் ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இதற்குப் பெயர் ‘கேஸ் ஃபோல்டிங்’. ஆங்கிலத்தில் 26 ஜோடிகளுக்கும் இடைவெளி ஒரே 32 என்பதால் வேலை சுலபம்.

சாட் உலகின் முதல் தலைவலி

1988-ல் பின்லாந்தில் யார்க்கோ ஒய்காரினென் உருவாக்கிய ஐ.ஆர்.சி. சாட் முறை இதற்கு நல்ல உதாரணம். 1993-ல் வெளியான அதன் விதிமுறை ஆவணத்தில் ஒரு விநோதம் உண்டு: சதுர அடைப்புக்குறியின் ‘சின்ன எழுத்து’ நெளிவு அடைப்புக்குறியாம்!

காரணம், அந்த நாட்டுக் கணினிகளில் அந்த எண்களில் அடைப்புக்குறிகளுக்குப் பதிலாக அவர்கள் மொழியின் தனி உயிரெழுத்துகள் இருந்தன. அந்த எழுத்துகளுக்குப் பெரியது, சின்னது உண்டு. அதனால் ஒருவர் சதுர அடைப்புக்குறியோடு பெயர் வைத்தால், அதே பெயரை நெளிவு அடைப்புக்குறியோடு இன்னொருவர் வைக்க முடியாது.

துருக்கி மொழியில் புள்ளியுள்ள ‘ஐ’, புள்ளியில்லாத ‘ஐ’ என்று இரண்டு எழுத்துகள். ஜெர்மனில் ‘எஸ்செட்’ என்ற ஒரே எழுத்தைப் பெரிதாக்கினால் வழக்கமாக இரண்டு ‘எஸ்’ ஆகிவிடும். ‘எல்லாத்தையும் சின்ன எழுத்தாக்கிட்டா போதும்’ என்ற கணக்கு ஆங்கிலத்தைத் தாண்டினால் எடுபடாது.

தப்பினால் கணக்கே பறிபோகும்

2013-ல் இசைச் சேவையான ஸ்பாட்டிஃபையில் இது பாதுகாப்புப் பிரச்சினையாகவே மாறியது. மேலே தூக்கி எழுதப்படும் குட்டி வடிவப் பெரிய எழுத்துகளில் ஒருவர் பெயர் பதிவு செய்தால், அதை மென்பொருள் முதல் முறை மாற்றும்போது சாதாரணப் பெரிய எழுத்தாகவும், இரண்டாம் முறை மாற்றும்போது சின்ன எழுத்தாகவும் மாற்றியது.

பதிவின்போது அது வேறு பெயர். பாஸ்வேர்டை மாற்றும்போதோ, ஏற்கெனவே இருக்கும் இன்னொருவரின் பெயர்! இந்த வழியில் அடுத்தவர் கணக்குக்குள் நுழைய முடிந்தது. பிறகு நிறுவனம் அதைச் சரிசெய்து, நடந்ததை வெளிப்படையாக விளக்கியது.

தமிழில் பெரிய எழுத்தே இல்லையே?

உண்மைதான். தமிழ், இந்தி, அரபி போன்றவற்றில் பெரிய, சின்ன எழுத்து வேறுபாடு கிடையாது. ஆனால் வேறு வடிவில் அதே சிக்கல் வருகிறது.

* ‘பௌ’: ஔகாரக் குறியைச் சரியாகப் போட்டால் ‘பௌர்ணமி’க்கு யூனிகோடில் 7 குறியீடுகள். ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் ‘ள’ எழுத்தைத் தட்டினால் 8. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், இரண்டாவது உண்மையில் ‘பெ’, ‘ள’ என்ற இரண்டு எழுத்துகள்.
* ‘கோ’: ‘கோயில்’, ‘கோபுரம்’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று பிரித்தும் சேமிக்கலாம்.
* ‘ஸ்ரீ’: முதலில் ‘ஸ’வை வைத்து எழுதப்பட்டது. 2005-ல் யூனிகோடில் ‘ஶ’ சேர்ந்த பிறகு ‘ஶ்ரீ’ என்பது பரிந்துரைக்கப்பட்ட முறை. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும்.

இதற்கு நேர் எதிரான கதை திருவண்ணாமலை என்ற பெயருக்குள்ளேயே இருக்கிறது. 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் வடிவம் மாறிய எழுத்துகளில் ‘ணா’, ‘லை’ இரண்டும் உண்டு. பழைய புத்தகத்தில் இந்த ஊர்ப் பெயரைப் பார்த்தால் இன்றைய பிள்ளைகள் தடுமாறுவார்கள். ஆனால் யூனிகோடுக்குப் பழைய வடிவமும் புதிய வடிவமும் ஒன்றுதான். எழுத்துருவில் மட்டுமே வித்தியாசம்.

ஆக, கண்ணுக்கு வேறாகத் தெரிவது போனுக்கு ஒன்றாக இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது போனுக்கு வேறாக இருக்கலாம்.

இது வெறும் எழுத்துப் பிழையா?

கார்த்திகை தீபக் கூட்டத்தில் ‘கௌதம்’ என்ற சிறுவன் காணாமல் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனைக் கண்டுபிடித்த ஒருவர் ‘கெளதம்’ என்று ‘ள’ போட்டுக் குழுவில் பதிவிடுகிறார். நூற்றுக்கணக்கான மெசேஜ்களுக்கு நடுவே பெற்றோர் சரியான எழுத்தில் தேடினால் கிடைக்காமல் போகலாம். பையன் பத்திரமாக இருக்கிறான், தகவலும் இருக்கிறது, கைக்கு மட்டும் வரவில்லை.

மென்பொருள் என்ன செய்ய வேண்டும்?

‘நார்மலைசேஷன்’ என்ற யூனிகோட் முறை, பிரித்துச் சேமித்த ‘கோ’வையும் சேர்த்துச் சேமித்த ‘கோ’வையும் ஒன்றாக்கிவிடும். அதன்பின் ஆங்கில எழுத்துகளுக்குக் கேஸ் ஃபோல்டிங். ஆனால் ‘ள’ போட்ட ‘பெளர்ணமி’யையும், இரண்டு விதமான ‘ஸ்ரீ’யையும் இவை ஒன்றாக்காது. அதற்குத் தமிழுக்கென்று தனி விதி எழுத வேண்டும்.

அதிலும் கவனம் தேவை. ‘ெள’ வரும் இடமெல்லாம் ‘ௌ’ என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால், ‘வெள்ளி’, ‘தெளிவு’ போன்ற சொற்கள் கெட்டுவிடும். மெய்ப்புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத ‘ள’வாக இருந்தாலும், ‘பெளர்ணமி’ போலத் தெரிந்த சொற்களின் பட்டியலோடு ஒப்பிடுவதே பாதுகாப்பு. இந்த மாற்றமெல்லாம் தேடலுக்கு மட்டும்தான். திரையில் பயனர் எழுதியது அப்படியே தெரிய வேண்டும். பாஸ்வேர்டில் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாக்கவே கூடாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* ஒரு சொல் கிடைக்காவிட்டால், அந்த மெசேஜில் இருக்கக்கூடிய வேறு சொல்லைத் தேடுங்கள். ‘பௌர்ணமி’ வரவில்லையா? ‘கிரிவல’ என்று பாருங்கள். சிலர் ‘பவுர்ணமி’ என்றும் எழுதுவார்கள்.
* தட்டச்சு செய்யும்போது ஔகாரக் குறியையே பயன்படுத்துங்கள். ‘ள’ போட்டு ஒப்பேற்ற வேண்டாம்.
* காணாமல் போனவர் பற்றிய தகவலில் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, வயது, சட்டை நிறம், இருக்கும் இடம் ஆகியவற்றையும் சேருங்கள்.
* அறை முன்பதிவு, தரிசனம் என்று பணம் கேட்கும் கணக்கின் ஆங்கிலப் பெயரை நம்பிவிடாதீர்கள். ‘அண்ணாமலை’ என்பதில் சின்ன ‘எல்’லுக்குப் பதிலாகப் பெரிய ‘ஐ’ இருந்தால் பல திரைகளில் வித்தியாசமே தெரியாது. அந்தப் பெயரை நகலெடுத்து முழுவதும் சின்ன எழுத்தாக மாற்றிப் பாருங்கள். ‘எல்’ இருந்த இடத்தில் புள்ளி வைத்த ‘ஐ’ வந்தால், அது போலிப் பெயர்.