பனஞ்சலாகையும் யாழ்ப்பாணக் கடலும்

மூங்கில் காடோ, வெட்டிய மூங்கிலை மிதக்கவிட ஆறோ யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. கூரைக்கும் துலாவுக்கும் வேலிக்கும் வேண்டிய மரத்தைப் பனையே தந்தது. கற்பகதருவென்று போற்றியவர்கள் அதைத் தறிக்கவே மாட்டார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. வரலாறு வேறு கதை சொல்கிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காலத்தில் பனைமரம் கொழும்புக்கும் சோழமண்டலக் கரைக்கும் ஏற்றுமதியானது.

தறிப்பதற்கும் ஒரு கணக்கு இருந்தது. பனையின் வைரம் வெளிப்புறத்தில்தான், உள்ளே மென்சோறு. ஆகவே இளமரம் கூரைச் சலாகைக்கு உதவாது. பல பத்தாண்டுகள் பதநீரும் பழமும் ஓலையும் தந்து முதிர்ந்த மரமே, அதிலும் வைரம் மிகுந்த பெண்பனையே, கோடரிக்கு உரியது. கோடரியாலும் ஆப்பாலும் நெடுக்காகப் பிளந்து, சோற்றைச் செதுக்கி எறிந்தால் எடை குறையும். தோளும் மாட்டுவண்டியும் அதைத் துறைவரை கொண்டுசேர்க்கும். அதற்கப்பால் தோணி. ஆறில்லாத நிலத்துக்குக் கடலே வழியாயிற்று. எந்த ஊரிலிருந்தும் கரை தூரமில்லை என்பதே இவ்வளவு பாரமான சரக்கைக் கைவேலையாலேயே வணிகமாக்கியது என்பது என் முடிவு.

அந்த வணிகமே தோப்புகளை அழித்ததென்றால்? பழுதில்லாத வாதமல்ல அது. விற்பனைக்குத் தறித்தவனுக்கு அடுத்த தலைமுறைக்கும் மரம் தேவைப்பட்டது, கொட்டை புதைத்தான். ஆனால் உள்நாட்டுப் போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகவும் காவலரண்களுக்காகவும் வீழ்த்தப்பட்ட பனைகளுக்கு வயதும் பார்க்கப்படவில்லை, கொட்டையும் புதைக்கப்படவில்லை.