கசெற் பிரதி எடுக்கையில் இரைச்சலா? பெரைட் வளையம் உதவும்

1980களிலும் 90களிலும் கடிதத்துக்குப் பதிலாக ஊரிலிருந்து கசெற்றில் பேசி அனுப்பிய குரல்கள் எம்மில் பலரது அலுமாரிகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றும்போது இடையில் புகும் இரைச்சல் பிரதியில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். பழைய நாடா இன்னொரு தடவை அறாமல் ஓடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஆகவே பதிவுக்கு முன்னரே இதைக் கவனிப்பது நல்லது.

ஓக்லாந்தின் மேற்கே ஹென்டர்சனிலிருந்து றேடியோ நியூசிலாந்து 756 கிலோஹேர்ட்ஸில் ஒலிபரப்பாகிறது. இத்தகைய கோபுரங்களுக்கு அருகில் உள்ள வீடுகளில் ஒலிபெருக்கி வயரே அன்ரனாவாகி அலையை வாங்கிக்கொள்ளும். அம்பிளிபையருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் அதைப் பேச்சாக மாற்றிவிடும். வானொலியைப் போடாமலேயே செய்தி கேட்கலாம்! கைத்தொலைபேசி சார்ஜரும் மலிவான எல்.ஈ.டி. விளக்கும் வேறு வகை. அவை மின்னோட்டத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டுவதால் எழும் சத்தம் மின்வயர் வழியே பரவுகிறது.

பெரைட் என்பது இரும்பு ஒக்சைட்டுடன் மாங்கனீசு, நாகம், நிக்கல் போன்றவற்றின் ஒக்சைட்டுகளைச் சேர்த்துச் சுட்டெடுக்கும் கரிய பொருள். 1930இல் தோக்கியோவில் யோகோரோ கட்டோ, தகேஷி தகேய் இருவரும் கண்டுபிடித்தது. அதை உற்பத்தி செய்யவே 1935இல் ஒரு கம்பனி தொடங்கப்பட்டது. எமது கசெற்றுகள் பலவற்றில் பெயர் பொறித்திருக்கும் ரி.டி.கே. அதுதான்.

வயரின் இரண்டு கம்பிகளும் சேர்ந்தே வளையத்தினூடு போகவேண்டும். பாட்டின் மின்னோட்டம் ஒன்றில் போய் மற்றதில் திரும்புவதால் பெரைட் அதைத் தொடாது. வெளியே இருந்து வந்த அலை இரண்டிலும் ஒரே திசையில் ஓடும். அதைத்தான் வளையம் மறிக்கிறது.

கடையில் வாங்கிய கிளிப் ஒன்றைப் பூட்டிவிட்டுப் பயனில்லை என்று கைவிடுபவர்களே அதிகம். தடை, சுற்றுகளின் வர்க்கத்துக்கேற்ப உயரும்: வயரை மூன்று முறை நுழைத்தால் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. ஹென்டர்சன் அலை போன்ற மத்திய அலைக்கு ஒற்றைக் கிளிப் போதவே போதாது. 31 என்ற இலக்கமுள்ள மாங்கனீசு-நாகக் கலவையில் பெரிய வளையமாக வாங்கி, எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். 43 இலக்கம் இதைவிட உயர்ந்த அலைவரிசைகளுக்கே பொருந்தும். வளையம் அம்பிளிபையருக்கு அருகே இருக்கட்டும். சத்தம் சார்ஜரிலிருந்து வருவதானால் சார்ஜரின் வயரில் போடுங்கள். அதைக் கழற்றிவைத்துப் பதிவது இன்னும் சுகம், செலவும் இல்லை.

ஒலியளவைக் குறைத்தும் சத்தம் குறையாவிட்டால், அது பெரும்பாலும் ஒலிபெருக்கி வயர் அல்லது மின்வயர் வழியே வருகிறது. 'ம்ம்' என்ற தாழ்ந்த உறுமல் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் வேலை. பெரைட் அதற்கு மருந்தல்ல. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓடவிட்டுப் பாருங்கள்.

வளையம் கசெற்றை அழித்துவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை, அது நிரந்தரக் காந்தம் அல்ல. ஒலிபெருக்கிக்குள் இருப்பது காந்தம்; அதன்மேல் கசெற்றை வைக்காதீர்கள்.